செஞ்சிக் காசுகளை இனங்காண்பது எப்படி?

நான் பள்ளியில் படித்த நாள்களில், செஞ்சி வட்டாரத்தில் நல்ல மழை பெய்து ஓய்ந்தால் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. மறுநாள் காலையில் நாலைந்து பேராகச் சேர்ந்து வயல் வரப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குனிந்த தலை நிமிராமல் நடப்போம். மழைநீர் மேல்மண்ணை அரித்துச் சென்ற இடங்களில் பச்சைக் களிம்பு ஏறிய சிறு செப்புக் காசுகள் சில வேளைகளில் தென்படும். கிடைத்ததைப் புளியும் மணலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு வைப்பேன். உறவினர் கொடுத்த காசுகளும் அதே டப்பாவில்தான். திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவில் தரைக்கடை வியாபாரியிடம் வாங்கிய காசுகளும் அதே டப்பாவில்தான்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு கோடை விடுமுறையில் அந்த டப்பாவை மீண்டும் திறந்தேன். கொட்டி எண்ணியபோது 71 துண்டுகள் இருந்தன. இவை யார் வெளியிட்டவை? எக்காலத்தவை? எந்த உலோகத்தால் ஆனவை? இவற்றை எப்படி வகைப்படுத்தி வைப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடியபோது நான் கற்றதையும், செய்த பிழைகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய டப்பா ஒன்று இருக்கக்கூடும் அல்லவா?

ஒரே மண்ணில் பலர் காசு

செஞ்சி மண்ணில் ஏன் இத்தனை வகைக் காசுகள் கலந்து கிடக்கின்றன? இதற்கு விடை செஞ்சியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை இணைத்து மதில் எழுப்பிய இக்கோட்டை, விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்களின் தலைநகராக விளங்கியது. 1649-இல் பீசப்பூர் சுல்தானின் படையிடம் வீழ்ந்தது. 1677-இல் சிவாசி இதனைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராசாராம் இங்கிருந்து ஆண்டபோது மொகலாயப் படை கோட்டையை ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தது. 1714-இல் நாட்டுப் பாடல்கள் புகழும் தேசிங்கு ராசன் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டைக்கு உரியவர் ஆயினர். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

ஆட்சி மாறும்போது பழைய காசு உடனே மறைந்துவிடுவதில்லை. செப்புக்கு மதிப்பு உள்ளவரை சந்தையில் அது ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூர்க் காசுகளும் வணிகத்தின் வழியே வந்து சேரும். ஆகவே செஞ்சியில் கிடைத்த காசு செஞ்சியை ஆண்டவர் காசாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதனை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

கண்ணால் பிரித்தல்

தொடக்கத்தில் எழுத்தைப் படிக்க முயல வேண்டாம். காசு எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டும் பார்த்துப் பிரியுங்கள். என்னுடைய 71 துண்டுகளும் ஆறு குவியல்களாகப் பிரிந்தன.

முதற் குவியலில் 19 காசுகள். இவை வட்டம் பிசகாதவை. தடிமன் எங்கும் ஒரே சீராக இருந்தது. இவை இயந்திரத்தில் அச்சிட்டவை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி சென்னை மாகாணத்திற்காக 1803-இலும் 1808-இலும் 10 காசு, 20 காசு என்னும் செப்பு நாணயங்களை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலிருந்த சோகோ நாணயச்சாலையில் அடிக்கச் செய்தது. நீராவி இயந்திரத்தால் அடிக்கப்பட்ட அக்காசுகளில் ஒருபுறம் கும்பினியின் சின்னமும் மறுபுறம் பாரசீக எழுத்தும் இருக்கும். ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால் இவற்றை இனங்காண்பது எளிது. 1809-இல் இத்தகைய காசுகளை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. நம் ஊர்ச் சந்தைக்கு வந்திருக்க வேண்டிய காசுகள் பிற்காலத்தில் அந்தக் கடலடியிலிருந்து மூட்டை மூட்டையாக எடுக்கப்பட்டன.

இரண்டாவது குவியலில் 8 காசுகள். இவற்றில் ஐரோப்பியக் குறிகள் இருந்தன. டச்சுக் கும்பினியின் மூன்று எழுத்துகள் பின்னிய முத்திரை ஒரு வகை. ஒருபுறம் லில்லிப் பூவும் மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்ற எழுத்தும் உள்ள பிரெஞ்சுக் காசு இன்னொரு வகை. பின்னதை நம் மக்கள் 'துட்டு' என்று அழைத்தனர்.

மூன்றாவது குவியல், பாரசீக எழுத்துகள் உள்ள 13 காசுகள். நான்காவது, உருவமோ இந்திய எழுத்துகளோ உள்ள 17 காசுகள். ஐந்தாவது, முற்றிலும் தேய்ந்து வழவழப்பான 11 காசுகள். ஆறாவது குவியலில் இருந்த மூன்றும் காசுகளே அல்ல. ஒன்று சட்டைப் பொத்தான். மற்றொன்று சிறு படிக்கல். மூன்றாவதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அச்சும் வில்லையும்

மூன்றாவது, நான்காவது குவியல்கள்தாம் கடினமானவை. இவை கையால் அடிக்கப்பட்டவை. கீழ் அச்சைப் பட்டறையில் பதித்து, அதன் மேல் செப்பு வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். பெரும்பாலும் அச்சு பெரிது; வில்லை சிறிது. ஆகையால் அச்சிலுள்ள எழுத்துகளில் ஒரு பகுதியே வில்லையில் விழும். இரண்டு அச்சுகளின் நோக்கும் அடிக்கு அடி மாறும். ஒரு காசின் தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, அப்படியே புரட்டினால், பின்பக்க எழுத்து எத்திசையிலும் சாய்ந்திருக்கலாம். இயந்திரக் காசில் இவ்வாறு நேர்வதில்லை.

அப்படியானால் முழு வாசகத்தை எவ்வாறு அறிவது? ஒரே வகைக் காசுகள் பல கிடைத்தால் முடியும். ஒன்றில் வாசகத்தின் தொடக்கம் விழுந்திருக்கும். இன்னொன்றில் நடுப்பகுதி இருக்கும். மற்றொன்றில் முடிவு இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரே அளவில் படமெடுத்து, பொதுவாக உள்ள எழுத்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டே போனால் அச்சின் முழு உருவம் வெளிப்படும். கிழிந்த கடிதத்தை ஒட்ட வைப்பது போன்ற வேலை இது.

படமெடுக்கும்போது விளக்கை நேர்மேலே வைக்காதீர்கள். இருட்டறையில் காசைத் தரையில் வைத்து, ஒளியைப் பக்கவாட்டிலிருந்து மிகத் தாழ்வான கோணத்தில் விழச் செய்யுங்கள். கால் மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தும் நீண்ட நிழலை வீழ்த்தும். கைப்பேசியின் விளக்கும் படக்கருவியுமே இதற்குப் போதும். விளக்கை நாற்புறமும் நகர்த்தி நான்கு படங்கள் எடுத்தால், ஒன்றில் தெரியாத கோடு மற்றொன்றில் தெரியும். வழவழப்பானவை என்று நான் ஒதுக்கிய 11 காசுகளுள் இரண்டில் இவ்வாறு காளையின் முதுகுக் கோடு தெரிந்தது.

எழுத்து தெரிந்தாலும் பொருள் உடனே விளங்கிவிடாது. நாயக்கர் காலச் செப்புக் காசுகள் பலவற்றில் 'ஸ்ரீவீர' என்ற அளவே இருக்கும். அது பட்டமா, பெயரின் தொடக்கமா, எந்த நாயக்கருடையது என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பாரசீக எழுத்துக் காசுகளில் வேறொரு சிக்கல் உண்டு. செஞ்சிக்குப் பீசப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத் என்றும், மொகலாயர் ஆட்சியில் நுஸ்ரத்கட் என்றும் பெயர் வழங்கியது. ஊர்ப் பெயரைத் தேடுபவர் 'செஞ்சி' என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால், கண்முன் இருப்பதையும் காணாமல் விட்டுவிடுவார்.

ஆர்க்கிமிடீசின் உதவி

எழுத்து கைவிட்ட இடத்தில் இயற்பியல் கைகொடுக்கும். காசின் அடர்த்தியைக் கண்டால் உலோகத்தை ஊகிக்கலாம். இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு வேண்டும். நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் வகையில் விலை குறைந்தது போதும்.

முதலில் காசை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறு குவளையில் பாதியளவு காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் தொங்க விடுங்கள். இப்போது தராசு ஒரு சிறு எடையைக் காட்டும். காசை நூல்தானே தாங்குகிறது, எடை எங்கிருந்து வந்தது? நீர் காசை மேல்நோக்கித் தள்ளுகிறது. காசு அதே விசையுடன் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசையே தராசில் தெரிகிறது. அது காசு விலக்கிய நீரின் எடைக்குச் சமம். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1 ஆகையால், தராசு காட்டும் எண்ணே காசின் பருமனைக் கன சென்டிமீட்டரில் தருகிறது.

எடுத்துக்காட்டாக, காசின் எடை 3.42 கிராம், நீருக்குள் தொங்கும்போது தராசு காட்டுவது 0.39 என்று கொள்வோம். 3.42-ஐ 0.39-ஆல் வகுத்தால் 8.77 வருகிறது. செம்பின் அடர்த்தி 8.96, ஈயம் 11.34, வெள்ளி 10.5. ஆகவே இது செம்பு என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். தராசின் கடைசி இலக்கம் ஒன்று கூடவோ குறையவோ செய்யலாம். 0.38 என்று கொண்டால் விடை 9.0, 0.40 என்று கொண்டால் 8.55. பித்தளையின் அடர்த்தி கலவையைப் பொறுத்து 8.4 முதல் 8.7 வரை இருக்கும். எனவே இந்த அளவீடு 'இது ஈயம் அல்ல, வெள்ளி அல்ல' என்று உறுதியாகச் சொல்கிறது; 'செம்பா, பித்தளையா' என்று கேட்டால் பதில் சொல்லாது. 9.30 கிராம் எடையுள்ள 20 காசு நாணயத்தில் இதே பிழை ஒரு விழுக்காடு அளவே இருக்கும். அளவீடு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே நாமும் சொல்ல வேண்டும். இதுதான் செய்முறை வகுப்பில் நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது. விடுமுறையில் எனக்கே தேவைப்பட்டது.

காசின் மேல் ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் தட்டி அகற்ற வேண்டும். களிம்பின் நுண்துளைகளில் காற்று தங்கினால் அடர்த்தி குறைவாகக் காட்டும். வெளிர்பச்சைப் பொடி உதிரும் காசை நீரில் இடவே வேண்டாம். அது குளோரைடு உப்பால் வரும் நோய். ஈரம் பட்டால் பெருகும்.

ஈயத் துண்டுகள் சொன்ன கதை

ஆறாவது குவியலின் மூன்றாவது துண்டுக்கு வருவோம். கறுத்துப் போன தகடு அது. செம்பு என்றே எண்ணியிருந்தேன். நீரில் தொங்கவிட்டபோது அடர்த்தி 11-ஐத் தாண்டியது. அது ஈயம்! எழுத்து எதுவும் இல்லை. துணி மூட்டைகளின் கட்டில் நசுக்கி இடும் முத்திரையாக இருக்கலாம். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கூற இயலவில்லை.

ஆனால் ஈயத் துண்டுகள் எப்போதும் ஊமையாக இருப்பதில்லை. செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கம் வட்டாரத்தில் ஆண்டிப்பட்டி என்ற ஊர் உள்ளது. அங்கே 1960-களின் பிற்பகுதியில் ஒரு பானையில் நூற்றுக்கு மேற்பட்ட ஈயக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பழந்தமிழ் எழுத்தில் 'எதிரான்', 'சேந்தன்' என்னும் பெயர்கள் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பானையோடு, ஊர்ப் பெயரோடு, மொத்தமாகக் கிடைத்ததால்தான் இக்காசுகள் செங்கம் பகுதியின் பழைய தலைவர்களோடு தொடர்புடையவை என்று கருத இடம் ஏற்பட்டது. இவை ஒவ்வொன்றாகப் பல சந்தைகளில் விற்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும், ஊர் போயிருக்கும்.

கடல் கடந்த நாடு ஒன்றிலும் இதே போன்ற சிக்கல் எழுந்தது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையில், திருவிருந்தில் பங்கேற்கத் தகுதி உடையவர் என்று சபை மூப்பர்கள் ஏற்றுக்கொண்டவர்க்கு ஒரு சிறு ஈய வில்லையைக் கொடுப்பது வழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வழக்கம், 19-ஆம் நூற்றாண்டில் அட்டைகள் வரும்வரை நீடித்தது. ஒவ்வொரு சபையும் தனக்கென ஒரு வார்ப்பு வைத்திருந்தது. வில்லையில் ஊரின் முதலெழுத்து, போதகரின் முதலெழுத்துகள், ஆண்டு ஆகியவை மட்டுமே இருக்கும். வகைகளோ பல ஆயிரம். 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் ஊர்கள் அங்கே எத்தனையோ உள்ளன. அந்த வில்லை எந்த ஊருடையது?

அங்கே சேகரிப்பாளர்களுக்கு ஒரு துணை இருந்தது. எந்தச் சபையில் எந்தப் போதகர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பணியாற்றினார் என்பதை ஹியூ ஸ்காட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் பெருந்தொகுதிகளாகத் தொகுத்திருந்தார். வில்லையின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஊர் கிடைக்கும். அதாவது, தனித்த ஈயத் துண்டு பேசவில்லை. துண்டும் பதிவேடும் சேர்ந்தே பேசின. நம் 'ஸ்ரீவீர' காசுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. அது கிடைத்த ஊரே அதற்குப் பதிவேடு. ஒரு வகைக் காசு ஒரு வட்டாரத்தில் மட்டும் மிகுதியாகக் கிடைக்கிறது என்று தெரிந்தால், அதை வெளியிட்டவர் யார் என்ற கேள்விக்கு அதுவே வலுவான தடயம்.

தென்னிந்தியக் காசுகளைப் பெருமளவில் தொகுத்த முன்னோடிகளுள் இருவர் அந்த ஸ்காட்லாந்து நாட்டினரே. ஒருவர் கர்னல் காலின் மெக்கன்சி. 1821-இல் அவர் மறைந்தபின், அவருடைய தொகுப்புக்கு வில்சன் 1828-இல் வெளியிட்ட அட்டவணை 6,218 காசுகளைக் குறிப்பிடுகிறது. மற்றவர் சர் வால்டர் எலியட். கண்பார்வை மங்கிய முதுமையில், 1886-இல், தென்னிந்தியக் காசுகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். இன்றும் அந்நூலை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆயினும், கடைவீதியிலும் காசுக்கடையிலும் வாங்கிச் சேர்த்த எந்தத் தொகுப்புக்கும் ஒரு குறை உண்டு. வியாபாரிக்குக் காசு எந்த நிலத்திலிருந்து வந்தது என்பது அதில் இராது.

என்னை ஏமாற்றிய காசு

என் டப்பாவில் இருந்த ஒரு கனமான செப்புக் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாட்டு ஒளியில் ஒருபுறம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜா சிவ' என்றும், மறுபுறம் 'சத்ரபதி' என்றும் தெரிந்தது. சிவாசியின் காசு! 1677-இல் அவர் செஞ்சியைப் பிடித்தபோது அவருடைய வீரன் ஒருவன் இடுப்பு முடிச்சிலிருந்து நழுவவிட்ட காசு இதுவாக இருக்குமோ? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நூலகத்தில் நாணய நூல்களைப் புரட்டினேன். 'சிவராய்' எனப்படும் அந்தக் காசு சிவாசியின் காலத்தோடு முடிந்துவிடவில்லை. அவருக்குப் பின்னரும் நூறாண்டுகளுக்கு மேலாக, மராட்டிய நாட்டின் பல நாணயச்சாலைகள் அதே வாசகத்துடன் அதனை அடித்துக்கொண்டிருந்தன. காசிலுள்ள பெயர் அரசனுடையது. காசு அடிக்கப்பட்ட ஆண்டு அதுவல்ல. எழுத்தின் வடிவம், எடை, பொறிப்பில் உள்ள சிறு குறிகள் ஆகியவற்றை ஒப்பிட்டே காலத்தைப் பிரிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி ஒன்று காத்திருந்தது. இந்தக் காசு செஞ்சி வயலில் கிடைத்ததா, திருவிழாக் கடையில் வாங்கியதா? எவ்வளவு முயன்றும் என்னால் நினைவுகூர முடியவில்லை. செஞ்சி மண்ணில் கிடைத்தது என்று உறுதியானால், எந்தக் காலத்துச் சிவராய் ஆனாலும் மராட்டியக் காசு இங்கே வந்து ஓடியதற்கு அது ஒரு சான்று. கடையில் வாங்கியது என்றால் அது எந்த ஊருக்கும் சான்று ஆகாது. காசு அப்படியே இருக்கிறது. எடை இருக்கிறது, எழுத்து இருக்கிறது. ஆனால் சான்று போய்விட்டது. அதைப் போக்கியவன் நானே.

71 துண்டுகளுள் கிடைத்த இடம் எனக்கு உறுதியாக நினைவிருந்தது ஆறுக்கு மட்டுமே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். காசின் எடையை இன்று தவறாக அளந்தால் நாளை மீண்டும் அளக்கலாம். இன்று படிக்க முடியாத எழுத்தை இருபதாண்டு கழித்து வேறொருவர் படிக்கலாம். உலோகக் கலவையைக் காசுக்கு ஊறு செய்யாமல் ஊடுகதிர் ஒளிர்வு முறையால் ஆய்வகங்களில் அறியலாம். இவை யாவும் திரும்பச் செய்யக்கூடிய அளவீடுகள். காசு கிடைத்த இடம் மட்டும் ஒரே ஒரு முறை எடுக்கக்கூடிய அளவீடு. காசைக் கையில் எடுக்கும் அந்த நொடியில் குறித்துக்கொள்ளவில்லை என்றால், பிறகு எந்தக் கருவியாலும் அதைப் பெற முடியாது.

ஒழுங்குபடுத்தும் முறை

இனி, தொகுப்பை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்று காண்போம்.

காசுகளை அரசர் வாரியாக எண்ணிட வேண்டாம். அரசர் பெயர் என்பது நம் முடிவு, முடிவு மாறலாம். கைக்கு வந்த வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுங்கள். அந்த எண் என்றும் மாறக்கூடாது. காசின்மேல் எதையும் எழுதாமல், அமிலமற்ற தாளால் ஆன சிறு உறையில் இட்டு உறையின்மேல் எண்ணை எழுதுங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை வேண்டும். அதன் மேற்பாதியில் பார்த்ததையும் அளந்ததையும் எழுதுங்கள்: கிடைத்த ஊர், நிலம், ஆழம், நாள், கண்டெடுத்தவர், உடன் கிடைத்த பொருள்கள், எடை, குறுக்களவு, தடிமன், அடர்த்தி, முன்பக்கம், பின்பக்கம். கீழ்ப்பாதியில் நீங்கள் கருதுவதை எழுதுங்கள்: யார் காசு, எக்காலம், எதனால் அவ்வாறு கருதுகிறீர்கள், எவ்வளவு உறுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கட்டும். 'இன்னதென்று அறியப்படவில்லை' என்று எழுத வெட்கப்பட வேண்டாம். என் அட்டைகளில் 24 அவ்வாறே உள்ளன.

கடையில் வாங்கியதைக் 'கடையில் வாங்கியது' என்றே எழுதுங்கள். கிடைத்த இடம் மறந்துவிட்டால் 'இடம் தெரியாது' என்று எழுதுங்கள். 'செஞ்சியாக இருக்கலாம்' என்று எழுதினால் பத்தாண்டில் அது 'செஞ்சி' ஆகிவிடும்.

காசுகளைத் துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, அமிலம் எதுவும் வேண்டாம். களிம்பு என்பது வெறும் அழுக்கு அன்று; செம்பின் மேற்பரப்பே வேதிமாற்றம் அடைந்து உருவான படலம். எழுத்தின் விளிம்புகள் பல வேளைகளில் அந்தப் படலத்திலேயே நிற்கின்றன. அதைக் கரைத்தால் எழுத்தும் கரையும். நான் பளபளக்கத் தேய்த்த காசுகளே இன்று ஐந்தாவது குவியலில் வழவழப்பாகக் கிடக்கின்றன. ஒட்டிய மண்ணை மென்மையான தூரிகையால் உலர்ந்த நிலையில் நீக்கினால் போதும். மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அமிலம் கக்கிக் காசைப் பாழாக்கும். ஈயத்தை மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அசெட்டிக் அமில ஆவி அதனை வெண்பொடியாக்கிவிடும். ஈயத்தைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பானையாகக் கிடைத்தால் அதைக் கலைக்காமல் வட்டாட்சியரிடம் உடனே சொல்லுங்கள். 1851-இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பு வளர்ந்தது பெரிதும் இத்தகைய புதையல்களால்தான். செஞ்சிக் கோட்டை காக்கப்பட்ட சின்னம். அதன் எல்லைக்குள் தோண்டுவது குற்றம். நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

ஒரு துண்டுச் சீட்டு

இந்த வேலையைப் பற்றி வகுப்பில் ஒரு நாள் பேசினேன். சில வாரங்கள் கழித்து, 'பழைய செஞ்சி' எனப்படும் மேலச்சேரிப் பக்கத்து மாணவர் ஒருவர் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். "ஐயா, கிணறு தூர் வாரின மண்ணில இருந்தது. நான் கழுவல" என்றார். உள்ளே ஒரே ஒரு செப்புக் காசு. பக்கவாட்டு ஒளியிலும் அதில் எதுவும் தெரியவில்லை. ஆனால் கூடவே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கிணறு இருக்கும் நிலம், மண் கொட்டிய இடம், நாள் மூன்றையும் பென்சிலால் எழுதியிருந்தார்.

எடை 3.31 கிராம். அடர்த்தி செம்போடு ஒத்துப்போகிறது. யார் காசு என்ற இடத்தில் 'அறியப்படவில்லை' என்று எழுதினோம். நாளை அதே ஊரில் அதே எடையில் எழுத்துடன் ஒரு காசு கிடைத்தால், இந்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் சிவராய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தையும் அம்மாணவரே எழுதினார்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் மழை பெய்யும், ஏர் ஓடும், கிணறு தூர் வாரப்படும். காசு கண்ணில் பட்டால் அதைத் தேய்க்காதீர்கள். முதலில் ஒரு பென்சிலையும் தாளையும் எடுங்கள். ஊர், இடம், நாள் ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.